அக்ரீஷன் வட்டின் எக்ஸ்ரே நிறமாலையை மாடல் செய்வது: வேலூர்ப் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்டுக்கு எக்ஸ்ரே இரட்டை விண்மீன்களை (கருந்துளையோ நியூட்ரான் நட்சத்திரமோ துணை விண்மீனிலிருந்து வாயுவை இழுக்கும் இணைகளை) எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, எளிதில் தொடங்கிச் சிக்கலானவை வரை வரிசைப்படுத்தியிருக்கிறோம். மாடல், கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்; கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பதைக் கேஇவி என்று சுருக்கியுள்ளோம்.

காவலூர் நம்ம பக்கத்துலயே இருக்கே சார், அங்க போய் எக்ஸ்ரே ஸ்பெக்ட்ரம் எடுக்க முடியாதா?

முடியாது. ஜவ்வாது மலையில் 700 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கும் காவலூரின் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி கண்ணுக்குப் புலப்படும் ஒளிக்கானது. வானிலிருந்து வரும் எக்ஸ்ரேயை வளிமண்டலம் முழுவதும் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள முதல் எக்ஸ்ரே மூலமான ஸ்கார்பியஸ் எக்ஸ்-1, 1962 ஜூனில் ராக்கெட்டில் அனுப்பிய கருவியால் கண்டுபிடிக்கப்பட்டது. நமக்கு அருகில் இந்த வேலைக்கு உரிய இடம் ஸ்ரீஹரிகோட்டா. 2015 செப்டம்பர் 28-இல் ஆஸ்ட்ரோசாட்டும், 2024 ஜனவரி 1-இல் எக்ஸ்போசாட்டும் அங்கிருந்துதான் ஏவப்பட்டன.

ஆனாலும் ஒளியியல் தொலைநோக்கி இல்லாமல் இந்தத் துறை நகராது. துணை விண்மீன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை ஒளியியல் நிறமாலையில் அளந்துதான் கருந்துளையின் நிறை கிடைக்கிறது. அந்த நிறை இல்லாவிட்டால் கீழே வரும் பாதிக் கணக்குகள் நிற்காது.

கருந்துளையிலிருந்து எதுவும் வெளிய வராதுன்னு படிச்சோம். அப்புறம் எக்ஸ்ரே எங்கிருந்து வருது?

கருந்துளைக்கு வெளியே சுற்றும் வாயுவிலிருந்து. துணை விண்மீனிலிருந்து வரும் வாயு நேராக விழாமல் வட்டாகச் சுற்றுகிறது. இதுதான் அக்ரீஷன் வட்டு. அடுக்குகளுக்கிடையே உள்ள உராய்வால் கோண உந்தத்தை வெளியே தள்ளிவிட்டு மெல்ல உள்ளே இறங்குகிறது. இறங்கும்போது இழக்கும் ஈர்ப்பு ஆற்றலில் பாதி வெப்பமாகி ஒளிர்கிறது. 1973-இல் ஷகூராவும் சுன்யாயெவும் தந்த மெல்லிய வட்டுக் கோட்பாட்டில், உள்விளிம்பை விட்டு விலகியதும் வெப்பநிலை ஆரத்தின் −3/4 அடுக்காகக் குறைகிறது. 1 கேஇவி என்பது ஏறத்தாழ 1.16 கோடி கெல்வின். சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளையின் வட்டு உள்விளிம்பில் 1 கேஇவி அளவை எட்டும், அதனால்தான் எக்ஸ்ரே.

நிறமாலையில் பெரும்பாலும் மூன்று பங்குகள் இருக்கும். வட்டின் வெப்ப ஒளி. வட்டின் ஃபோட்டான்களைச் சூடான எலக்ட்ரான்கள், அதாவது கொரோனா, அதிக ஆற்றலுக்குத் தள்ளுவதால் வரும் பவர்லா, அதாவது ஆற்றலின் அடுக்காகக் குறையும் தொடர்ச்சி. அந்தக் கடின எக்ஸ்ரே மீண்டும் வட்டில் பட்டுத் திரும்பும் எதிரொளிப்பு. மாடல் செய்வது என்றால் இந்த மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் சொல்வதுதான்.

டேட்டாவுக்குக் காசு கட்டணுமா? எந்த சோர்ஸ்ல ஆரம்பிச்சா தலைவலி கம்மி?

காசு வேண்டாம். நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் நைசர், நுஸ்டார், ஸ்விஃப்ட், ஆர்எக்ஸ்டிஇ ஆகிய விண்வெளி எக்ஸ்ரே கருவிகளின் தரவுகளும், இஸ்ரோவின் ஐஎஸ்எஸ்டிசி காப்பகத்தில் ஆஸ்ட்ரோசாட் தரவுகளும் இலவசம். ஆஸ்ட்ரோசாட்டுக்குப் பதிவு மட்டும் செய்ய வேண்டும்.

தொடங்குவதற்கு எல்எம்சி எக்ஸ்-3 நல்லது. பெரிய மெகல்லானிய மேகத்தில் இருப்பதால் தூரம் தெரியும், 50 கிலோபார்செக்குக்கு நெருக்கம். இடையில் உறிஞ்சும் வாயு குறைவு. பெரும்பாலான நேரம் வட்டே மேலோங்கிய மென்நிலையில் இருக்கும். ஜிஆர்எஸ் 1915+105-ஐ முதல் புராஜெக்டாக எடுக்க வேண்டாம். சில நிமிடங்களுக்குள்ளேயே நிறமாலை மாறிவிடும் மூலம் அது. மொத்த நேரத்தையும் சேர்த்து ஒரே நிறமாலையாக்கினால் எந்த நிலையையும் குறிக்காத சராசரிதான் கையில் இருக்கும். நைசர் எடுப்பவர்கள் தேதியைப் பாருங்கள். 2023 மே மாதம் கருவிக்குள் ஒளிக்கசிவு ஏற்பட்டது. அதற்குப் பிந்தைய பகல்நேரத் தரவில் இரைச்சல் அதிகம்.

என்கிட்ட விண்டோஸ் லேப்டாப் தான் இருக்கு. ஹீசாஃப்ட் ஓடுமா?

ஹீசாஃப்ட் நாசாவின் எக்ஸ்ரே தரவு மென்பொருள் தொகுப்பு; நிறமாலைக்கு மாடல் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் அதற்குள் இருக்கிறது. நேராக ஓடாது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டு அதில் உபுண்டுவை நிறுவினால் நன்றாக ஓடும். ஆயத்தமாகக் கிடைக்கும் பைனரியைவிட மூலநிரலை இறக்கி நீங்களே பில்ட் செய்வது மேல், ஏனென்றால் ரெல்எக்ஸில் போன்ற வெளி மாடல்களைச் சேர்க்கும்போது அதே கம்பைலர் வேண்டும். அனகோண்டா சூழல் திறந்திருக்கும்போது பில்ட் செய்யாதீர்கள். அதன் லைப்ரரிகள் குறுக்கே வந்து பாதியில் நிற்கும், பிழைச் செய்தியும் வேறு எதையோ சொல்லும். ஒவ்வொரு புதிய டெர்மினலிலும் ஹீஇனிட் கொடுத்த பிறகே எக்ஸ்ஸ்பெக் திறக்கும். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஸ்பெக்ட்ரம் ஒரு ஃபைல் தானே? கூட எதுக்கு ஆர்எம்எஃப், ஏஆர்எஃப்னு ரெண்டு?

கருவி பதிவது ஆற்றலை அல்ல, சேனலை. 6.4 கேஇவி ஃபோட்டான்கள் ஆயிரம் வந்தால் அவை ஒரே சேனலில் விழாமல் பல சேனல்களில் பரவும்; சில பாதி ஆற்றலையே விட்டுச்செல்லும். எந்த ஆற்றல் எந்தச் சேனலில் எவ்வளவு வாய்ப்போடு விழும் என்ற அட்டவணை ஆர்எம்எஃப். அந்த ஆற்றலில் கருவியின் பயனுறு பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்பது ஏஆர்எஃப். எக்ஸ்ஸ்பெக் உங்கள் மாடலை இந்த இரண்டின் வழியாகச் செலுத்தி, வரவேண்டிய எண்ணிக்கையைக் கணக்கிட்டு, வந்த எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறது. அதாவது மாடலைக் கருவிக்குள் அனுப்புகிறோம். தரவைக் கருவியிலிருந்து வெளியே இழுப்பதில்லை.

"பிளாட் ஈஈயுஎஃப்" காட்டும் படம் அப்படி வெளியே இழுத்தது போல் தெரியும். ஆனால் அதில் புள்ளிகள் இருக்கும் இடமே நீங்கள் போட்ட மாடலைச் சார்ந்தது. மாடலை மாற்றினால் புள்ளிகளும் நகரும். "இந்தப் படத்தில் ஒரு கோடு தெரிகிறது" என்பதை ஆதாரமாகச் சொல்லாதீர்கள். எல்டேட்டா (லாக் அளவில் தரவு) படத்துக்குக் கீழே எச்சத்தை, அதாவது தரவுக்கும் மாடலுக்கும் உள்ள வேறுபாட்டை, போட்டுப் பாருங்கள்.

இக்னோர் குடுத்தா ஒண்ணு எல்லா டேட்டாவும் போயிடுது, இல்லன்னா எதுவுமே போகல. ஏன்?

தசமப் புள்ளி. இக்னோர் கட்டளையில் முழு எண் கொடுத்தால் எக்ஸ்ஸ்பெக் அதைச் சேனல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். தசமப் புள்ளியோடு கொடுத்தால்தான் ஆற்றல். 7 வேறு, 7.0 வேறு. பத்தாவது சேனலுக்கு மேல் நீக்கச் சொல்லிவிட்டு 10 கேஇவி-க்கு மேல் நீக்கியதாக நினைத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எப்போதும் 0.7, 7.0 என்றே தட்டுங்கள். சேனல்களைச் சேர்த்துக் குரூப் செய்த ஃபைலுக்கு "இக்னோர் பேட்" கொடுக்கவும் மறக்காதீர்கள்.

முதல்ல எந்த மாடல் போடறது?

டிபிஏபிஎஸ் பெருக்கல், அடைப்புக்குள் டிஸ்க்பிபி கூட்டல் பவர்லா. டிபிஏபிஎஸ் இடைவெளி வாயுவின் உறிஞ்சல்; டிஸ்க்பிபி பல வெப்பநிலை வளையங்களாலான வட்டு; பவர்லா கொரோனாவுக்கு ஒரு தோராயம். பவர்லாவின் சரிவைச் சொல்லும் ஃபோட்டான் இன்டெக்ஸ் 1.5-க்கும் 2-க்கும் இடையில் இருந்து வட்டு மங்கலாக இருந்தால் கடினநிலை, 2.1-ஐத் தாண்டி, 2–20 கேஇவி ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிலிருந்து வந்தால் மென்நிலை. தொடக்கத்தில் வட்டு வெப்பநிலைக்கு 0.7, இன்டெக்ஸுக்கு 2.2 கொடுத்தால் எக்ஸ்ஸ்பெக் வழிதவறாது.

இது முதல் பார்வைக்கு மட்டும். இதிலேயே புராஜெக்டை முடிக்கக் கூடாது என்பதற்கான காரணம் பின்னால் பவர்லா பற்றிய கேள்வியில் வருகிறது.

என்ஹெச் ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொண்ணா இருக்கு. எதை எடுக்கறது?

என்ஹெச் என்பது இடையில் உள்ள ஹைட்ரஜனின் அளவு, டிபிஏபிஎஸ்ஸின் அளவுரு. வேறுபாட்டுக்குப் பாதிக் காரணம் வானத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. எக்ஸ்ஸ்பெக் தானாக எடுத்துக்கொள்ளும் தனிம விகித அட்டவணை "ஏஎன்ஜிஆர்". டிபிஏபிஎஸ் மாடலோடு சேர வேண்டியது "வில்ம்". இதில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அதே தரவுக்கு என்ஹெச் கூடுதலாக வரும். எக்ஸ்ஸ்பெக் திறந்ததும் "அபண்ட் வில்ம்", "எக்ஸ்செக்ட் வெர்ன்" இரண்டையும் கொடுத்துவிட்டு, எதைக் கொடுத்தீர்கள் என்பதை அறிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள். மற்றவரின் என்ஹெச்சோடு ஒப்பிடும்போது அவர் எந்த அட்டவணை என்பதையும் பாருங்கள்.

1 கேஇவி-க்குக் கீழே தரவு இருந்தால் என்ஹெச்சைத் தளர்த்தி, ஃபிட்டில் மாற விடலாம். 3 கேஇவி-இல்தான் தொடங்குகிறது என்றால், அதாவது நுஸ்டாரோ ஆஸ்ட்ரோசாட்டின் லாக்ஸ்பிசியோ மட்டும் இருந்தால், அதைத் தளர்த்துவதில் பொருளில்லை. 21 சென்டிமீட்டர் ரேடியோ அளவீட்டின் மதிப்பில் நிறுத்திவிடுங்கள்.

டிஸ்க்பிபி நார்ம் 20000-னு வருது. தப்பா பண்ணிட்டேனா?

இல்லை. மாடலின் உயரத்தைச் சொல்லும் இந்த நார்ம்தான் முழு வேலையின் உயிர்நாடி, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அதன் பொருள்: உள் ஆரத்தைக் கிலோமீட்டரிலும் தூரத்தை 10 கிலோபார்செக் அலகிலும் வைத்து, வகுத்து, வர்க்கமாக்கி, சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கியது. மூலம் 3 கிலோபார்செக்கில் இருக்கிறது, சாய்வு 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். 20000-ஐ 0.5-ஆல் வகுத்தால் 40000, வர்க்கமூலம் 200, தூரம் 0.3 என்பதால் பெருக்கினால் 60 கிலோமீட்டர். இது தோற்ற ஆரம்.

உண்மை ஆரத்துக்கு இரண்டு திருத்தம். வட்டின் மேற்பரப்பில் எலக்ட்ரான் சிதறலால் நிறமாலை உண்மை வெப்பநிலையைவிடச் சூடாகத் தெரியும். இந்த நிறத் திருத்தக் காரணி வழக்கமாக 1.7, அதன் வர்க்கம் 2.89. வெப்பநிலையின் உச்சம் சரியாக உள்விளிம்பில் இல்லை என்பதற்கு 0.412. இரண்டையும் பெருக்கினால் 1.19. ஆக உண்மை ஆரம் 71 கிலோமீட்டர். கருந்துளை 8 சூரிய நிறை என்றால் அதன் ஈர்ப்பு ஆரம் (GM/c²), ஒரு சூரிய நிறைக்கு 1.477 கிலோமீட்டர் வீதம், 11.8 கிலோமீட்டர். 71-ஐ 11.8-ஆல் வகுத்தால் 6. சுழலாத கருந்துளையின் கடைசி நிலையான சுற்றுப்பாதை சரியாக 6 ஈர்ப்பு ஆரம். அதாவது 20000 என்ற எண் நல்ல எண்.

ஒளிர்வையும் சரிபாருங்கள். வெப்பநிலை 0.7 கேஇவி என்றால் 81 லட்சம் கெல்வின். 60 கிலோமீட்டர் தோற்ற ஆரத்துக்கு 4π ஆரவர்க்கம் சிக்மா வெப்பநிலையின் 4-ஆம் அடுக்கு என்று போட்டால் வினாடிக்கு 1.1 × 10³⁸ எர்க். 8 சூரிய நிறையின் எடிங்டன் எல்லை, அதாவது ஒளியழுத்தம் ஈர்ப்பைச் சமன் செய்யும் ஒளிர்வு, வினாடிக்கு 10³⁹ எர்க். 11 சதவீதம், மெல்லிய வட்டுக் கோட்பாடு செல்லுபடியாகும் இடம். ஒவ்வொரு ஃபிட்டுக்கும் இந்த இரண்டு கணக்கையும் நோட்டில் போடும் பழக்கம் வேண்டும்.

கை-ஸ்கொயர் 1.02 வந்துடுச்சு, ஆனா நார்ம் வெறும் 200. விட்டுடலாமா?

விடக் கூடாது. கை-ஸ்கொயரைச் சுதந்திர அளவெண்ணால் வகுத்து 1-க்கு அருகில் வந்தால் பொருத்தம் நல்லது என்பார்கள், அது மட்டும் போதாது. முந்தைய பதிலின் அதே தூரம், கோணம், நிறைக்கு 200 என்றால் தோற்ற ஆரம் 6 கிலோமீட்டர், திருத்திய பின் 7. அதிவேகமாகச் சுழலும் கருந்துளைக்குக்கூடக் கடைசிச் சுற்றுப்பாதை 1.2 ஈர்ப்பு ஆரத்துக்குக் கீழே போகாது, அதாவது இங்கே 14 கிலோமீட்டர். நிகழ்வு எல்லைக்குள்ளே வட்டு ஒளிர்கிறது என்று உங்கள் ஃபிட் சொல்கிறது. கை-ஸ்கொயர் வளைவின் வடிவம் பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். இயற்பியலைப் பார்ப்பது உங்கள் வேலை.

இப்படி வருவதற்கு வழக்கமான காரணங்கள்: வெப்பநிலை 1.5 அல்லது 2 கேஇவி-க்கு ஏறிப்போய், உண்மையில் கொரோனாவின் வளைவை டிஸ்க்பிபி நிரப்பிக்கொண்டிருக்கும். அல்லது பவர்லா கீழ்ப்பகுதியில் வட்டின் பங்கைத் தின்றிருக்கும். அல்லது தரவு 3 கேஇவி-க்கு மேல் மட்டும் இருந்து, 0.3 கேஇவி வட்டின் வாலை வைத்து முழு வட்டையும் ஊகித்திருப்பீர்கள். கடினநிலையில் எடுத்த தரவா என்பதையும் பாருங்கள். அங்கே டிஸ்க்பிபி ஆரத்தை நம்பக் கூடாது.

பவர்லா நல்லா தானே பொருந்துது, அதை ஏன் மாத்தச் சொல்றீங்க?

பவர்லாவுக்குக் கீழ் எல்லை கிடையாது. இன்டெக்ஸ் 2.5 என்றால் 0.5 கேஇவி-இல் அது வட்டையே மிஞ்சி எகிறும். அதை அடக்க என்ஹெச் பொய்யாக உயரும். வட்டு நார்ம் குறையும். இயற்பியலில் கொரோனாவின் ஃபோட்டான்கள் வட்டிலிருந்து கடன் வாங்கியவை, எனவே வட்டின் உச்சத்துக்குக் கீழே கொரோனா நிறமாலை தானாக இறங்கிவிட வேண்டும்.

இரண்டு நல்ல மாற்றுகள் உண்டு. ஒன்று என்த்காம்ப்: விதை ஃபோட்டான் வெப்பநிலையை டிஸ்க்பிபியின் வெப்பநிலையோடு கட்டி, விதை வகையை 1 என்று, அதாவது வட்டு என்று வைக்க வேண்டும். இந்த 1-ஐ வைக்க மறந்தால் ஒற்றை வெப்பநிலைக் கரும்பொருளாக எடுத்துக்கொள்ளும். மற்றது சிம்ப்ல்: வட்டின் ஃபோட்டான்களில் எத்தனை பங்கு சிதறின என்று நேராகச் சொல்லும், ஃபோட்டான் எண்ணிக்கையைக் காப்பாற்றும். சிம்ப்ல் வேறொரு மாடலின் நிறமாலையை மாற்றியமைக்கும் கன்வல்யூஷன் மாடல் என்பதால் தரவின் எல்லைக்கு வெளியேயும் கணக்கிட வேண்டும். "எனர்ஜீஸ்" கட்டளையில் 0.01 முதல் 1000 கேஇவி வரை 1000 லாக் கட்டங்கள் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. தரவின் இரு ஓரங்களிலும் மாடல் சத்தமில்லாமல் வளைந்து, நீங்கள் அதற்கொரு புதிய காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எனக்கு கை-ஸ்கொயர் 0.6 வருது, என் ஃப்ரெண்டுக்கு 3 வருது. யார் ஃபிட் நல்லது?

இரண்டுமே ஏதோ சொல்ல வருகின்றன. 0.6 என்றால் பிழைக்கோடுகள் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கின்றன. சிஸ்டமாட்டிக் பிழையை (கருவியின் அளவுதிருத்தக் குறைக்காகச் சேர்ப்பது) கூடுதலாகச் சேர்த்திருப்பது பெரும்பாலும் காரணம். 3 என்றால் எச்சத்தைப் பாருங்கள். 6 முதல் 7 கேஇவி வரை திமில் போல இருந்தால் இரும்புக் கோடு விடுபட்டிருக்கிறது. எல்லாப் புள்ளிகளும் மேலும் கீழும் சிதறியிருந்தால் கருவியின் அளவுதிருத்தப் பிழை.

ஒரு பின்னுக்கு (சேர்த்த சேனல் கட்டத்துக்கு) 20 அல்லது 25 எண்ணிக்கையாவது வரும்படி குரூப் செய்த பிறகே கை-ஸ்கொயர் பொருந்தும். அவ்வளவு எண்ணிக்கை இல்லாத மங்கலான மூலத்துக்கு "ஸ்டாட்டிஸ்டிக் சிஸ்டாட்" போடுங்கள். பின்னணியைக் கழிக்கும்போது எக்ஸ்ஸ்பெக் அதையே டபிள்யூ-ஸ்டாட்டாக மாற்றிக்கொள்ளும், அதற்குப் பின்னணியின் ஒவ்வொரு பின்னிலும் குறைந்தது ஓர் எண்ணிக்கையாவது வேண்டும்.

ஆஸ்ட்ரோசாட் எஸ்எக்ஸ்டியையும் லாக்ஸ்பிசியையும் சேர்த்துப் போட்டா ஃபிட் வரவே மாட்டேங்குது மேடம்.

எஸ்எக்ஸ்டியை 0.7 முதல் 7.0 கேஇவி வரை வையுங்கள். 1.8-இலும் 2.2-இலும் கூர்மையான எச்சம் வந்தால் அது வானத்துப் பொருளல்ல. சிலிக்கன், தங்க விளிம்புகளில் கெயின் (சேனலை ஆற்றலாக மாற்றும் அளவு) சற்றே நகர்ந்திருப்பது. "கெயின் ஃபிட்" கொடுத்து, ஸ்லோப்பை 1-இல் நிறுத்தி, ஆஃப்செட்டை மட்டும் தளர்த்துங்கள். சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் வந்தால் சரி. சிஸ்டமாட்டிக் 2 முதல் 3 சதவீதம் சேர்ப்பது வழக்கம். எஸ்எக்ஸ்டி தரவு சுற்றுவாரியாக வரும், அடுத்தடுத்த ஃபைல்களில் ஒரே நிகழ்வுகள் மீண்டும் இருக்கும். முதலில் மெர்ஜர் கருவியால் ஒன்றாக்காமல் கூட்டினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

லாக்ஸ்பிசியில் மூன்று எண்ணிகள் இருந்தாலும் 2018 மார்ச்சுக்குப் பிந்தைய தரவுக்கு லாக்ஸ்பிசி 20-ஐ மட்டும் எடுங்கள். வாயுக் கசிவால் 30 நிறுத்தப்பட்டது, 10-இன் கெயின் நிலையாக இல்லை. மூலம் மிகப் பிரகாசமாக இல்லாவிட்டால் 20 கேஇவி-க்கு மேல் பின்னணியே மிஞ்சும். அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் நடுவே ஒரு கான்ஸ்டன்ட் வேண்டும்: ஒன்றில் 1 என நிறுத்தி மற்றதைத் தளர்த்துங்கள். அது 0.5 என்று வந்தால் அளவுதிருத்தம் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். எஸ்எக்ஸ்டிக்கு எடுத்த வட்டத்துக்கும் ஏஆர்எஃபுக்கும் பொருத்தமில்லை, அல்லது இரண்டு கருவிகளும் வெவ்வேறு நேரத்தைப் பதிந்திருக்கின்றன.

6.4-ல காஸியன் போட்டேன், எஃப்-டெஸ்ட் 99.9%னு சொல்லுது. இரும்புக் கோடு உறுதி தானே?

கூடுதல் பங்கு தேவையா என்று பார்க்கும் அந்த எஃப்-டெஸ்ட் இங்கே செல்லாது. கோட்டின் நார்ம் பூஜ்யம் என்பது அதன் அனுமதிக்கப்பட்ட எல்லையின் ஓரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எஃப் பரவல் பொருந்தாது என்று புரோட்டாசோவும் உடனாய்வாளர்களும் 2002-இலேயே காட்டிவிட்டார்கள். எக்ஸ்ஸ்பெக்கில் இருக்கும் "சிம்எஃப்டெஸ்ட்" போலி நிறமாலைகளை உருவாக்கிச் சோதிக்கும். நேரம் எடுத்தாலும் அதையே ஓட்டுங்கள்.

மையம் 6.4 என்றால் ஏறக்குறைய நடுநிலை இரும்பு, 6.7 ஹீலியம் போன்ற இரும்பு, 6.97 ஹைட்ரஜன் போன்ற இரும்பு. அகலம் 1 கேஇவி-ஐத் தாண்டிவிட்டால் அது கோடல்ல, தொடர்ச்சியின் குறையை மறைக்கும் ஒட்டு. முதலில் தொடர்ச்சியைத் திருத்துங்கள்.

ஸ்பின் கண்டுபிடிக்கணும்னு கைடு சொல்றாங்க. கெர்பிபியா, ரெல்எக்ஸில்லா?

ஸ்பின் என்பது கருந்துளையின் சுழற்சி. மென்நிலைத் தரவும் நம்பத்தகுந்த நிறை, தூரம், சாய்வும் இருந்தால், சுழலும் கருந்துளையின் வட்டு மாடலான கெர்பிபி. இல்லையென்றால் எதிரொளிப்பு வலுவாக உள்ள நுஸ்டார் தரவோடு ரெல்எக்ஸில்.

கெர்பிபியில் நிறை, தூரம், சாய்வு மூன்றையும் நிறுத்தி, நார்மை 1-இல் பூட்டி, ஸ்பின்னையும் பொருள் விழும் வீதத்தையும் மட்டும் தளர்த்த வேண்டும். வீதத்தின் அலகு வினாடிக்கு 10¹⁸ கிராம். ஒளிர்வு எடிங்டனில் 30 சதவீதத்தைத் தாண்டிய தரவை ஒதுக்குங்கள், வட்டு தடித்துவிடும். நிறையும் தூரமும் மாறினால் ஸ்பின் எப்படி ஆடும் என்பதற்குச் சிக்னஸ் எக்ஸ்-1 சாட்சி: 2021-இல் அதன் தூரம் 1.86-இலிருந்து 2.22 கிலோபார்செக்காகவும், நிறை 14.8-இலிருந்து 21.2 சூரிய நிறையாகவும் திருத்தப்பட்டபோது, எக்ஸ்ரே தரவு அப்படியே இருக்க ஸ்பின் முடிவு மறுபடி கணக்கிடப்பட்டது. நிறை தெரியாத மூலத்துக்குக் கெர்பிபியில் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டால் அழகான எண் வரும், அதற்கு எந்தப் பொருளும் இருக்காது.

ரெல்எக்ஸில்லில் ஸ்பின்னையும் உள் ஆரத்தையும் ஒன்றாகத் தளர்த்தாதீர்கள், இரண்டும் ஒரே விளைவைத் தருபவை. உள் ஆரத்துக்கு −1 கொடுத்தால் கடைசி நிலையான சுற்றுப்பாதை என்று பொருள். குறியை மறந்தால் 1 ஈர்ப்பு ஆரமாகிவிடும். இரும்பு அளவு சூரியனைவிட 5, 8 மடங்கு என்று ஏறினால் உடனே நம்ப வேண்டாம். அடிப்படை ரெல்எக்ஸில்லின் வட்டு அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ என நிறுத்தப்பட்டது, கருந்துளை இருமைகளின் வட்டு அதைவிடப் பல மடங்கு அடர்த்தி. அடர்த்தியைத் தளர்த்தும் வகையைப் போட்டால் இரும்பு இறங்குவதைப் பல மூலங்களில் காணலாம்.

ரெண்டு முறையிலயும் ஸ்பின் வேற வேற வந்தா எதை எழுதறது?

இரண்டையும், ஒவ்வொன்றின் அனுமானங்களோடு. வட்டு உண்மையிலேயே கடைசிச் சுற்றுப்பாதை வரை போகிறதா என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான அடித்தளம். எல்எம்சி எக்ஸ்-3-இல் 26 ஆண்டுகளில் 8 செயற்கைக்கோள்கள் எடுத்த மென்நிலைத் தரவில் உள் ஆரம் சில சதவீதத்துக்குள் மாறாமல் இருந்தது. அந்த நம்பிக்கை மென்நிலைக்கு உரியது. உங்கள் மூலத்துக்கும் பல நாள் தரவை எடுத்து, ஒளிர்வு வெப்பநிலையின் 4-ஆம் அடுக்காகப் போகிறதா என்று வரைந்து பாருங்கள். போனால் ஆரம் நிலையானது.

நியூட்ரான் நட்சத்திரத்துக்கும் இதே மாடல் போதுமா?

போதாது, ஏனென்றால் அதற்குத் திடமான மேற்பரப்பு உண்டு. உள்ளே விழும் பொருள் மேற்பரப்பில் மோதும் எல்லை அடுக்கு 2 கேஇவி அளவில் தனியாக ஒளிரும். டிஸ்க்பிபியோடு ஒரு கரும்பொருள் மாடலான பிபாடிராட்டைச் சேர்க்க வேண்டும். அதன் நார்மில் கொசைன் கிடையாது, ஆரத்தைத் தூரத்தால் வகுத்த வர்க்கம் மட்டும். ஆரம் 12 கிலோமீட்டருக்கு மேல் பெரிதாக வந்தால் இரண்டு பங்குகளும் இடம் மாறியிருக்கும். ஒளிவளைவில் சில பத்து வினாடி வெடிப்புகள் இருந்தால் அவை மேற்பரப்பு அணுவெடிப்புகள், நிறமாலை எடுப்பதற்கு முன் அந்த நேரங்களை வெட்டிவிடுங்கள்.

கேலக்ஸி நடுவுல இருக்கற கருந்துளைக்கு டிஸ்க்பிபி போட்டா 0.15 கேஇவி வருது, அது வட்டு தானே?

அல்ல. எடிங்டன் விகிதம் ஒரே அளவாக இருந்தால் வட்டின் வெப்பநிலை நிறையின் −1/4 அடுக்காகக் குறையும். 10 சூரிய நிறைக்கு 1 கேஇவி என்றால் 10 கோடி சூரிய நிறைக்கு அதைவிட 56 மடங்கு குறைவு, 0.02 கேஇவி-க்கும் கீழே. வட்டு புறஊதாவில் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது மென் மிகை எனப்படும் வேறொன்று. அதைச் சூடான, தடித்த கொரோனாவாகவோ எதிரொளிப்பாகவோ மாடல் செய்கிறார்கள். டிஸ்க்பிபி நார்மை அங்கே கிலோமீட்டராக மாற்றவே கூடாது.

எரர் கட்டளை நடுவுல நின்னு "புது மினிமம்"னு சொல்லுது. என்ன பண்றது?

நல்ல செய்திதான்: உங்கள் ஃபிட் இன்னும் அடிமட்டத்தை எட்டவில்லை. மீண்டும் ஃபிட் கொடுத்து எரரை மறுபடி ஓட்டுங்கள். பிழை எல்லைக்கு எக்ஸ்ஸ்பெக் இயல்பாக எடுக்கும் கை-ஸ்கொயர் உயர்வு 2.706, அதாவது ஓர் அளவுருவுக்கு 90 சதவீத நம்பகம். 68 சதவீதம் வேண்டுமென்றால் 1.0 என்று குறிப்பிடுங்கள். இரண்டு அளவுருக்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று சந்தேகம் வந்தால் "ஸ்டெப்பார்" போட்டு வரைபடம் எடுங்கள்; சாய்ந்த வாழைப்பழ வடிவம் தெரிந்தால் தனித்தனிப் பிழையை நம்பாமல் "செயின்" ஓட்டுங்கள். செயினில் அளவுரு மதிப்புகளிடையே அலைந்து தேடும் வாக்கர்களின் எண்ணிக்கை தளர்ந்த அளவுருக்களைப் போல் இரண்டு மடங்காவது, இரட்டைப்படையாக இருக்கட்டும். தொடக்கப் பகுதியைப் பர்ன்-இன் என ஒதுக்கிவிடுங்கள்.

செயின் ராத்திரி முழுக்க ஓடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்து வையுங்கள், "சேவ் ஆல்" கொடுத்து மாடலையும் தரவையும் ஒரு ஃபைலாக வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ரிப்போர்ட்ல என்னென்ன கண்டிப்பா இருக்கணும்?

அப்சர்வேஷன் ஐடி, தேதி, வடிகட்டிய பின் மிஞ்சிய நேரம். எக்ஸ்ஸ்பெக் பதிப்பு, தனிம அட்டவணை, ஆற்றல் எல்லை, குரூப் செய்த விதம், சிஸ்டமாட்டிக் அளவு. எந்த அளவுருவை எங்கே நிறுத்தினீர்கள், அந்த எண் யாருடையது. பிழை எத்தனை சதவீத நம்பகம். கை-ஸ்கொயரையும் சுதந்திர அளவெண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள், 1.02 என்று வகுத்த விடையை மட்டும் தந்தால் 102/100-ஆ, 1020/1000-ஆ என்று தெரியாது. உறிஞ்சல் நீக்கிய ஃப்ளக்ஸ் வேண்டுமென்றால் ஃப்ளக்ஸை அளவுருவாகத் தரும் சிஃப்ளக்ஸைச் சேர்த்து, அதற்குள் இருக்கும் மாடலில் ஒரு நார்மை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஃபிட் ஓடிக்கொண்டே இருக்கும்.

அட்டவணையில் டிஸ்க்பிபி நார்முக்குப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை கூடுதலாகப் போடுங்கள்: கிலோமீட்டரில் உள் ஆரம், ஈர்ப்பு ஆரத்தில் எத்தனை. வைவாவில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுதான்.